பட்டாளத்து வீடும் பாட்டு வகுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவர் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஜவானாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். நான் வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸ்களில், இப்போது வேலூர்ப் பக்கம் சொந்த ஊரில். மாமியார் காலத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பெரியவளும் நான்தான். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களுக்கு ராணுவ கிராமம் என்றே பெயர். அதனால் புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண்கள், குறிப்பாகப் பாட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர்கள், போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். நான் சொல்வது ஜவான், ஜேசிஓ (சுபேதார் மாதிரி, ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவில் இருப்பவர்கள்) குடும்பங்களின் நிலவரம். ஆபீசர் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள் வேறு.

கல்யாணம் ஆனவுடனே அவரோடு போய் இருக்கலாமா அக்கா?

அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஃபீல்டு ஏரியா, அதாவது எல்லை மாதிரி களப் பணி இடம் என்றால் குடும்பத்துக்கு இடமில்லை. பீஸ் ஸ்டேஷன், அதாவது அமைதிப் பகுதி முகாம் என்றால் குவார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மாமியார் வீடுதான். அவருக்கு வருடாந்திர லீவு 60 நாள், காஷுவல் லீவு 30 நாள். அதையும் மொத்தமாகத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போகிறீர்களோ இல்லையோ, கல்யாணப் பதிவை அவருடைய யூனிட்டில் கொடுத்து பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை அவருடைய பதிவேட்டில் ஏற்றும் ஆணை) போடச் சொல்லுங்கள். அது வராதவரை ராணுவத்தின் கணக்கில் அவர் பிரம்மச்சாரி. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, கேன்டீன் கார்டு எல்லாம் அந்த ஒரு தாளுக்குப் பின்னால்தான்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறினால் பிள்ளைகளுக்கு எப்படிப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது? பாதியிலேயே நின்றுவிடாதா?

நிற்கத்தான் செய்யும். நீங்கள் போகாவிட்டால் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு மாற்றல் வரும். தொடக்கப் பாடங்களின் கடைசிப் படியான வர்ணம் வரை என் கையிலேயே வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த டீச்சர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை நான் எந்த குருவிடமும் கற்கவில்லை, பட்டாளத்தைப் பார்த்துத்தான் கற்றேன். மாற்றல் வந்தால் என் கணவர் ஸ்டோரில் இருக்கும் மண்வெட்டி வரை எண்ணி, ஏட்டில் எழுதி, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கிளம்புவார். ஹேண்டிங் ஓவர், டேக்கிங் ஓவர் என்பார்கள். பாட்டு நோட்டுக்கும் அதையே செய்தேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு. முதல் பக்கத்தில் பாடம் எழுத மாட்டேன், அது அடுத்த டீச்சருக்கான பக்கம். உதாரணத்துக்கு ஒன்று: "சுருதி 5 கட்டை. ஜண்டை வரிசை 5 வரை முடிந்தது. முதல் காலம் சுத்தம். இரண்டாம் காலத்தில் தாளம் ஓடுகிறது, விரலை எண்ணாமல் தட்டுகிறாள். மேல் ஸ்தாயியில் குரலை அடக்குகிறாள், பயம்தான் காரணம், குரல் இருக்கிறது. அடுத்து 6." இவ்வளவு போதும். புது டீச்சர் முதல் நாளே எங்கே கை வைப்பது என்று தெரிந்துகொள்வார். இல்லாவிட்டால் எல்லாரும் செய்வதுபோல "முதலிலிருந்து வருவோம்" என்று முதல் பாடமான சரளி வரிசைக்கே கொண்டுபோவார், பிள்ளைக்கு அலுத்துப்போகும். மூன்று ஊரில் மூன்று முறை சரளி வரிசை பாடிவிட்டுப் பாட்டே வேண்டாம் என்று விட்ட பிள்ளைகள் உண்டு.

இன்னும் இரண்டு விஷயம். பாட வரிசையில் சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று புரந்தரதாசர் பேரில் வழிவழியாக வரும் ஒழுங்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். மாற்றலாகிற பிள்ளைக்கு அந்தப் பொதுவழி பெரிய சௌகரியம். அப்புறம், போஸ்டிங் ஆர்டர் வந்துவிட்டது என்று தெரிந்தபின் புது வர்ணம் ஆரம்பிக்க வேண்டாம். கையில் இருக்கும் கீதத்தை மூன்று காலமும் பாட வைத்து முடித்துக் கொடுங்கள். முடிந்த ஒரு 'ஸ்ரீ கணநாத' கீதம் பிள்ளையோடு போகும். அரை வர்ணம் ரயில் ஏறுவதற்குள் மறந்துவிடும்.

போகிற ஊரில் கர்நாடக சங்கீத டீச்சரே கிடையாது. ஹிந்துஸ்தானிதான் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாக. சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். நம் தொடக்கப் பாட ராகமான மாயாமாளவகௌளையில் கற்ற பிள்ளை என்றால் "பைரவ் தாட் பழக்கம்" என்று அந்த உஸ்தாதிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். சங்கராபரணம் அவர்களுக்கு பிலாவல், கல்யாணி யமன், மோகனம் பூப், ஹிந்தோளம் மால்கௌன்ஸ். தோடியில் மட்டும் ஜாக்கிரதை. நம் தோடியின் ஸ்வரங்கள் அவர்களுக்கு பைரவி. அவர்கள் தோடி என்பது நமக்கு சுபபந்துவராளி. இது தெரியாமல் ஒரு பெண் அங்கே போய்த் தோடி பாட, அவர் வேறு ஏதோ எதிர்பார்க்க, இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு, போய்விடுமே என்று பயப்படாதீர்கள். காதும் தாளமும் உயிரோடு இருந்தால் கமகத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம்.

வீணையை ஊர் ஊராக எப்படி எடுத்துப் போனீர்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், எனக்கும் பேசப் பிடித்த விஷயம்.

பட்டாளத்துச் சாமான் எல்லாம் கறுப்பு டிரங்குப் பெட்டியில், வெள்ளை பெயின்டில் நம்பரும் பெயரும் எழுதிப் போகும். வீணை அதில் அடங்காது. எங்களுக்கு ஒரு வசதி, சாப்பர் யூனிட்டில் தச்சர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அளவெடுத்து, உள்ளே பழைய கம்பளி ஒட்டி, பலாமரக் குடத்துக்குக் குழி விட்டு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது, இப்போது பேரன் பேத்திகளின் கிரிக்கெட் மட்டைகளுக்கு.

சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணி சுற்றுங்கள். தந்தியை முறுக்கும் பிரடைகளைத் திருகி ஏழு தந்தியையும் தளர்த்துங்கள். அறுத்துவிடாதீர்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை விழாத அளவுக்குப் பிடிப்பு இருக்கட்டும். லக்கேஜ் வேனில் போடவே போடாதீர்கள். ஜிடி எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் வீணை படுத்துக்கொண்டு வரும், நான் கீழே உட்கார்ந்து வருவேன்.

பெட்டியைவிடப் பெரிய பிரச்சினை மெழுகு. தந்தியை அழுத்தி வாசிக்கும் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் கரியும் கலந்த படுக்கையில் உட்கார்ந்திருப்பவை. தஞ்சாவூர் வெயிலை அது தாங்கும். ராஜஸ்தானில் மே மாதம், கரண்ட் போன தகர ஷெட் மாதிரியான குவார்ட்டர்ஸில் தாங்காது. காலையில் பார்த்தால் மெட்டுகள் லேசாகச் சாய்ந்திருக்கும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருப்பதால் எது தப்பு என்று சட்டென்று பிடிபடாது. பிகானேரில் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதிக்க ஆள் ஏது? நானே கற்றுக்கொண்டேன். முதலில் 12-ஆம் மெட்டைத் திறந்த தந்தியின் மேல் ஷட்ஜத்தோடு சேர்க்க வேண்டும். அதன்பின் பஞ்சமம், மத்தியமம். மற்றவை அவற்றை வைத்து. சூடான கத்தி முனையால் மெழுகைத் தொட்டு, மெட்டை மயிரிழை நகர்த்தி, ஆறவிட்டு, மீட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்தி, ஒரு மெட்டுக்கே ஒரு மத்தியானம் ஓடிவிடும். கோடையில் வீட்டின் உள் அறையில், தரையோடு படுக்கவைத்து, கனத்த பருத்தி உறை போட்டு வையுங்கள். கூலர் காற்று நேராகப் படக்கூடாது, மரம் ஈரத்தைக் குடித்து விரியும்.

இப்போது பாலைவனப் பக்கம் போகிற பெண்களுக்கு, மெட்டுகளைத் திருகாணியில் பொருத்திய கையடக்க வீணையை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். நாதம் குறைவுதான். நல்ல வீணை ஊரில் பத்திரமாக இருக்கட்டும்.

தமிழே தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கன்டோன்மென்ட் வகுப்பில் ஒரு பஞ்சாபி, ஒரு மலையாளி, ஒரு கூர்க்கா பையன், ஜபல்பூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு என்று இருக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழ் படிக்கத் தெரியாது; கேந்திரிய வித்யாலயாவில் ஹிந்தியும் சமஸ்கிருதமும்தான் கிடைத்திருக்கும். ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு எழுத்தைத் தமிழில் எழுத வைத்தே ஆரம்பித்தேன். ஏழு எழுத்து தெரிந்தால் அலங்காரம் வரை வாசித்துவிடலாம். கீதம் வரும்போது மிச்ச எழுத்துகளைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

இங்கிலீஷ் ரைம் மட்டும் தெரிந்த வாண்டுகளுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, முத்துஸ்வாமி தீட்சிதர் போட்டுக்கொடுத்தது. அவர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பட்டாளத்தின் பேண்ட் வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். சுமார் 40 உருப்படிகள், பெரும்பாலும் சங்கராபரண ஸ்வரங்களில். நோட்டுஸ்வரம் என்கிறோம். 'சந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்து ராஜாவைக் காக்கச் சொல்லும் கீதத்தின் மெட்டு. 'சியாமளே மீனாக்ஷி' என்பது எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டு. ஸஸ பப தத ப என்று வாசித்தால் வகுப்பே சிரித்துக்கொண்டு கூடப் பாடும். பேண்ட்காரர்களின் பிள்ளைகள் இதில் கெட்டி, அவர்களுக்குத் தாளம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. பட்டாளத்து இசையிலிருந்து கர்நாடக சங்கீதத்துக்கு வந்த பாட்டைப் பட்டாளத்துக் குவார்ட்டர்ஸில் சொல்லிக்கொடுப்பதில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம்.

ஆபீசர் மனைவி பாட்டுக் கற்க வந்தால் எப்படி நடந்துகொள்வது?

மற்றவர்களைப் போலத்தான். கன்டோன்மென்ட்டில் கணவரின் ரேங்க் மனைவியின் தோளிலும் ஏறிக்கொள்கிறது, எனக்கு அது எப்போதுமே பிடிக்காது. ஹவில்தார் மனைவி கர்னல் மனைவிக்கு எதிரே நாற்காலியில் உட்காரத் தயங்குவாள். பாட்டு வகுப்பில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாருமே பாயில்தான். ஒரு மேடம் என்னைத் தன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார். "வீணையைத் தூக்கிவர முடியாதுங்க மேடம்" என்றேன். மறுநாள் அவரே வந்தார், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்தார், நன்றாகவும் கற்றுக்கொண்டார். மரியாதையாகப் பேசுங்கள், தாளம் தப்பினால் தப்பு என்றும் சொல்லுங்கள்.

இதையே வேலையாகப் பார்க்க முடியுமா?

முடியும், சான்றிதழ் இருந்தால். கேந்திரிய வித்யாலயாவில் பிஆர்டி (தொடக்கப் பள்ளி ஆசிரியர்) மியூசிக் பணியிடத்துக்கு இசையில் பட்டம் கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் துறையின் லோயர், ஹையர் இசைத் தேர்வுச் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு வடக்கே போனால் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே பட்டத்தை முடித்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், அல்லது கல்யாணத்துக்குப் பிறகாவது முடியுங்கள். ஆர்மி பப்ளிக் ஸ்கூல்களிலும் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பார்கள். குவார்ட்டர்ஸில் வகுப்பு நடத்துவதானால் ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள், பக்கத்து வீட்டில் நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் யார் என்றும் விசாரித்து வையுங்கள்.

அவர் எல்லையில் இருக்கும்போது பாட்டுச் சொல்லிக்கொடுக்க மனசு வருமா?

2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு ஆபரேஷன் பராக்கிரம் என்று படையின் பெரும்பகுதி எல்லைக்குப் போனது, 2002 அக்டோபரில்தான் திரும்பச் சொன்னார்கள். போர் நடக்கவில்லை. ஆனால் எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள், அப்புறம் அதே கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டுமே சாப்பர்களின் வேலை. அந்தப் பத்து மாதத்தில் அதில் செத்தவர்களும் கால் இழந்தவர்களும் அதிகம். எங்கள் பிளாக்கில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேச மாட்டோம். கடிதம் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வரும். அவர் எங்கே இருக்கிறார் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது.

மாலை நாலு மணிக்கு வகுப்பு. யூனிட் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் தலை ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பும். ஜீப் நிற்காமல் போகும்வரை ஒருத்தியும் மூச்சுவிட மாட்டாள். பிள்ளைகள் தாளத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கும், அவர்களுக்கு நான் சொல்லிவைத்திருந்தது அப்படி. யார் வந்தாலும் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடியாமல் நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் வகுப்பை நடத்தியது பிள்ளைகளுக்காக மட்டுமல்ல. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் கை போய்க்கொண்டிருந்தால் மனசு வேறு எண்ணிக்கைக்குப் போகாது. மனசு வராது என்று வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.

கணவர் இல்லாதபோது வீட்டை நடத்த என்னென்ன காகிதம் என் கையில் இருக்க வேண்டும்?

அவருடைய சர்வீஸ் நம்பர் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் போட்ட பார்ட் டூ ஆர்டர் நகல். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று போட்ட கூட்டுக் கணக்கு. ராணுவக் குழுக் காப்பீட்டு நாமினேஷன். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் பெயரில் இருந்ததை அப்படியே விட்டிருப்பார், கேட்டு மாற்றச் சொல்லுங்கள், சண்டை போடாமல்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனித் தலைவலி பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு கிளார்க் இனிஷியலை விரித்து எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். சர்வீஸ் புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று. அவர் இருக்கும்வரை எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கும் நாளில்தான் எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு 'லட்சுமி'யில் ஒரு இங்கிலீஷ் எழுத்து கூடுதல் என்பதே தெரிந்தது. மாதக்கணக்கில் அலைந்தார். உங்கள் கணவர் சர்வீஸில் இருக்கும்போதே யூனிட்டில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபின் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை), இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு மூன்றும் ஒரே பையில். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வருகிறது. வருடா வருடம் உயிரோடிருக்கிறார் என்று பதிய வேண்டும், மறந்தால் நின்றுவிடும். ஓய்வுக்குப் பின் அவர் காலமானால் குடும்ப ஓய்வூதியம் முதலில் கூடுதல் விகிதத்தில் வரும். அது ஏழு வருடம், அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியோ அதுவரை. பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சந்தேகம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்று வந்தபின் அவரோடு ஒத்துப்போவது கஷ்டமா?

முதல் வருடம் கஷ்டம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, போர்வையை மடித்துவிட்டு, நின்றுகொண்டு அடுத்தவர் போர்வையைப் பார்ப்பார். சமையலறையில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைப்பார், உங்களுக்குக் கடுகு கிடைக்காது. அவர் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது என்பது அவருக்கும் சங்கடம்தான். ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுத்துவிட்டு அதில் தலையிடாதீர்கள். எங்கள் வீட்டில் கிணறு, மோட்டார், தென்னை மூன்றும் அவர் பாடு.

உங்கள் வீட்டில் உங்கள் சொல்தான் சட்டமாமே?

ஊரில் அப்படிப் பேசுகிறார்கள். நாத்தனார் கல்யாணம், மாமனார் வைத்தியம், நிலத் தகராறு எல்லாம் அவர் லீவில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தன. முடிவு எடுக்க ஆள் வேண்டியிருந்தது, எடுத்தேன். அது பழகிப்போய், இப்போது பேத்தியின் காலேஜ் முதல் எருமை வாங்குவது வரை "பாட்டியைக் கேளுங்கள்" என்கிறார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஆனாலும் போன தைக்குப் பிறகு வீட்டு வரவு செலவை மூத்த மருமகளிடம் கொடுத்துவிட்டேன். பீரோ சாவி, பால் கணக்கு, மொய் நோட்டு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் எழுதி, எண்ணிப் பார்க்கச் சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன். அவள் சிரித்தாள். மொய் நோட்டில் நான் எழுதியிருந்ததை முதல் மாதமே இரண்டு இடத்தில் மாற்றிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது, வாயை மூடிக்கொண்டேன்.

ஃபீஸ் எவ்வளவு வாங்கலாம்?

ஜவான் குடும்பத்துக்கு ஒன்று, ஆபீசர் குடும்பத்துக்கு ஒன்று என்று வைக்காதீர்கள், சலசலப்பு வரும். எல்லாருக்கும் ஒரே தொகை, மாதத் தொடக்கத்தில். கணவர் ஃபீல்டில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு வேண்டாம். மாற்றலாகிப் போகிற மாதம் முழு ஃபீஸ் வாங்காதீர்கள், பேக்கிங் செலவு எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.